ஓடிய படத்தையே ஏன் மறுபடி எடுக்கிறார்கள்? ரீமேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதைப் பஞ்சம் வந்ததால்தானே ரீமேக் எடுக்கிறார்கள்?

இல்லை. சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் கையில் கதையோடு தயாரிப்பாளரின் நேரத்துக்காகக் காத்திருக்கும் உதவி இயக்குநர்களை எண்ணி மாளாது. பஞ்சம் இருப்பது கதை எழுதக் கொடுக்கும் பணத்துக்குத்தான். ஒரு திரைக்கதையை உருப்படியாக எழுதி, கிழித்துப் போட்டு, திரும்ப எழுத ஓராண்டு, ஈராண்டு ஆகும். அந்தக் காலம் முழுக்க வீட்டு வாடகையும் சாப்பாடும் பெரும்பாலும் எழுதுகிறவரின் பொறுப்பு. நாயகனின் கால்ஷீட் கிடைத்து, அட்வான்ஸ் கைமாறிய பிறகுதான் பல படங்களுக்குக் கதை டிஸ்கஷன் என்று அறை போடுவார்கள். அதற்குள் ரிலீஸ் பண்டிகை எது என்பதுகூட முடிவாகியிருக்கும்.

அந்த நெருக்கடியில், எழுதி முடித்து, எடுத்து முடித்து, ஊரில் ஓடியும் காட்டிய திரைக்கதை ஒன்று விலைக்கு வந்தால் யார் விடுவார்கள்? புதிய கதை எழுதச் சம்பளம் கேட்டால் யோசிக்கிற தொழில், முடிந்த கதை என்றால் கோடியில் பேசும். ரீமேக்கைப் பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

ரீமேக், டப்பிங், தழுவல், சுட்ட படம் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றில்லை. உரிமை வாங்கி, வேறு நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தால் ரீமேக். எடுத்த படத்துக்கே வேறு மொழியில் குரல் கொடுத்தால் டப்பிங். உரிமை வாங்காமல் டிவிடி பார்த்து எடுத்தால் சுட்ட படம். பேட்டியில் அதற்குப் பெயர் 'இன்ஸ்பிரேஷன்'.

கருவை மட்டும் எடுத்துக்கொண்டு தன் வழியில் சொல்லும் தழுவல்தான் வழுக்கலான இடம். கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. ஒரு நாடக ஆசிரியர், தன் மேடை நாடகத்தை எடுத்து இந்திப் படம் ஆக்கிவிட்டார்கள் என்று போட்ட வழக்கு அது. இரண்டையும் பார்க்கிற சாதாரண ரசிகருக்கு ஒன்று மற்றொன்றின் நகல் என்றே தோன்றினால்தான் அது மீறல் என்பது அந்தத் தீர்ப்பு தந்த அளவுகோல். அவர் தோற்றார். சுட்டவர்கள் பலர் இன்றும் நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்த அளவுகோலும் ஒரு காரணம்.

தயாரிப்பாளரின் கணக்கு என்ன?

பெரும்பாலான படங்கள் ஃபைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கிய பணத்தில் ஓடுகின்றன. படம் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறும். ஆக, கடன் கொடுப்பவர், ஏரியா வாங்கும் விநியோகஸ்தர், தொலைக்காட்சி உரிமை வாங்குபவர், நாயகன் என்று நான்கைந்து பேரை வேகமாகச் சம்மதிக்க வைத்தாக வேண்டும். இவர்களில் யாரும் காகிதத்தில் இருக்கும் கதையைப் படிக்கப் பழகியவர்கள் இல்லை. கதையைச் 'சொல்ல' வேண்டும். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவரின் சுமாரான கதை ஓகே ஆவதும், திக்கித் திணறுபவரின் நல்ல கதை வாசலோடு திரும்புவதும் அங்கே சகஜம்.

ரீமேக்கில் இந்தத் தொல்லை இல்லை. படத்தைப் போட்டுக் காட்டினால் போதும். இடைவேளை எங்கே வருகிறது, எங்கே கைதட்டல் விழுகிறது, நாயகனுக்கு என்ன வேலை என்று எல்லாம் கண்ணெதிரே தெரியும். பக்கத்து மாநிலத்தில் எத்தனை வாரம் ஓடியது என்ற விவரமும் கையில் இருக்கும். பத்திரம் காட்டிக் கடன் வாங்குவது மாதிரிதான். வட்டி ஏறுகிற தொழிலில் மிச்சமாகும் ஆறு மாதத்துக்குத் தனி விலை உண்டு. ரீமேக் உரிமைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அப்படியே திரும்பிவிடும்.

வெற்றி நிச்சயம் என்று அவர்களில் யாரும் நம்புவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் படம் படுத்தால் "அங்கே ஓடிய படம்தானே, யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிடலாம். புதுக்கதை படுத்தால் அதைத் தேர்ந்தெடுத்தவரைத்தான் கேட்பார்கள்.

இது இப்போது வந்த பழக்கமா?

கோடம்பாக்கம் வளர்ந்ததே இப்படித்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், கொஞ்சம் இந்தி என்று எல்லாப் படமும் சென்னை ஸ்டுடியோக்களில் உருவான காலம் ஒன்று இருந்தது. ஒரு தளத்தில் போட்ட செட்டைக் கலைக்குமுன் இன்னொரு மொழியிலும் எடுத்துவிடுவார்கள். ஏவி.எம். 1949ல் தமிழில் எடுத்த 'வாழ்க்கை' அடுத்த ஆண்டே தெலுங்கில் 'ஜீவிதம்', 1951ல் இந்தியில் 'பஹார்'. விஜயா நிறுவனத்தின் 'மிஸ்ஸியம்மா' 1955ல் தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றாகவே தயாரானது.

'எங்க வீட்டுப் பிள்ளை'யை எம்.ஜி.ஆர். படமாகவே நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு, 1964ல், என்.டி.ராமாராவ் நடித்த 'ராமுடு பீமுடு'தான் மூலம். இரண்டையும் இயக்கியவர் தாபி சாணக்யா. 1967ல் அவரே திலீப் குமாரை வைத்து 'ராம் அவுர் ஷ்யாம்' எடுத்தார். ஒரே கதை, ஒரே இயக்குநர், மூன்று மொழிகளில் மூன்று பெரிய நட்சத்திரங்கள். யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. விஜயவாடாவில் ஓடியதை மதுரைக்காரர் பார்க்க வழியும் இல்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

நாம் வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தோம் என்றும் நினைக்க வேண்டாம். பாக்யராஜின் 'மௌன கீதங்கள்', 'அந்த 7 நாட்கள்', 'முந்தானை முடிச்சு', 'எங்க சின்ன ராசா' நான்கும் இந்திக்குப் போனவை. கடைசியாகச் சொன்னது 1992ல் 'பேட்டா' ஆகி வடக்கே கொடிகட்டிப் பறந்தது.

பெரிய நடிகர்கள் ஏன் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள்?

அவர்களுக்குத்தான் இழக்க நிறைய இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ரஜினிகாந்தின் பாதையைப் பாருங்கள். 'டான்' 1980ல் 'பில்லா' ஆனது. 'தீவார்' அடுத்த ஆண்டு 'தீ' ஆனது. பிறகு 'குத்தார்' தமிழில் 'படிக்காதவன்', 'திரிசூல்' இங்கே 'மிஸ்டர் பாரத்', 'மர்த்' இங்கே 'மாவீரன்', 'நமக் ஹலால்' இங்கே 'வேலைக்காரன்', 'லாவாரிஸ்' இங்கே 'பணக்காரன்'. அமிதாப் பச்சனின் உடம்பில் அளவெடுத்துத் தைத்த சட்டைகளை வாங்கி, தன் உடம்புக்குப் பிரித்துத் தைத்துக்கொண்டார். தைத்த பிறகு அது யார் சட்டை என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

2002ல் 'பாபா' எதிர்பார்த்தபடி போகவில்லை. அடுத்து அவர் தேர்ந்தெடுத்தது எது? மலையாளத்திலும் கன்னடத்திலும் ஓடித் தேர்ந்த கதை: 'சந்திரமுகி'. சறுக்கிய நடிகர் ரீமேக்கைப் பிடித்து எழுவது நம் சினிமாவில் மருத்துவர் எழுதித் தராத மருந்து.

விஜய்க்கும் அப்படித்தான். 'காதலுக்கு மரியாதை', 'ஃப்ரண்ட்ஸ்', 'காவலன்' மூன்றும் மலையாளத்திலிருந்து. 'கில்லி'யும் 'போக்கிரி'யும் தெலுங்கிலிருந்து. 'நண்பன்' இந்தியிலிருந்து.

அப்படியே எடுப்பதுதானே, இதில் என்ன திறமை?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 'மணிச்சித்ரதாழ்' ஒன்றே போதும். 1993ல் ஃபாசில் இயக்கியது, கதை மது முட்டம். கதை நடக்கும் பழைய கேரளக் குடும்ப வீட்டில் அடைபட்டுச் செத்த நாகவல்லி ஒரு தஞ்சாவூர் நடனக்காரி. மனம் பிறழும் நேரத்தில் மலையாள நாயகி தமிழில் பேசுகிறாள், தமிழில் பாடி ஆடுகிறாள். கேரளத்துப் பார்வையாளரை உலுக்கியதே அந்த வேற்று மொழிதான். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் தமிழ்ப் பெண் தமிழ் பேசுவதில் என்ன பயம்? பி. வாசு முதலில் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும் (2004), பிறகு தமிழில் 'சந்திரமுகி'யாகவும் (2005) எடுத்தபோது அந்தப் பேயைத் தெலுங்கு பேச வைத்தார். 'ரா ரா' என்று ஜோதிகா அழைத்ததும் திரையரங்கு உறைந்தது. 2007ல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தபோது அவள் வங்காளத்து மஞ்சுலிகா ஆனாள். ஊருக்கு ஊர் பேய் வேற்று மாநிலத்துக்காரி!

இன்னொரு மாற்றமும் கவனிக்கத் தக்கது. மூலத்தில் மோகன்லால் உள்ளே வரவே கிட்டத்தட்டப் பாதிப் படம் ஆகிவிடும். ரஜினி படத்தில் அது நடக்குமா? முதல் ரீலிலேயே சண்டை, பாட்டு எல்லாம் வைத்தார்கள். மூலத்தைக் கும்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் உறுத்தும். எனக்கும் மலையாளப் படம்தான் ஒரு படி மேல். ஆனாலும் வாசு தன் நாயகன் யார், அரங்கில் உட்காரப்போவது யார் என்று தெரிந்து செய்த மாற்றங்கள் அவை.

தெலுங்கு மூலமான 'ஒக்கடு' படத்துக்குச் சார்மினாரும் கர்னூலும் எப்படியோ, 'கில்லி'க்குக் கலங்கரை விளக்கமும் மதுரையும் அப்படி. கர்னூல் வில்லனை மதுரை வில்லனாக்கியபோது பேச்சு, உறவு, வீறாப்பு எல்லாம் மாறின. இரண்டிலும் பிரகாஷ்ராஜ்தான் நடித்தார், ஆனால் 'செல்லம்' என்ற அந்த அழைப்பு தமிழுக்கு மட்டும் வாய்த்தது. 2024 ஏப்ரலில் 'கில்லி' மறுவெளியீடானபோது அரங்குகள் நிறைந்தது அந்த ஊர்ப் பொருத்தத்துக்காகத்தான். மூலம் எது என்று தெரிந்தவர்களும் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள்.

அப்படியே எடுத்தவை, அல்லது ரொம்ப மாற்றியவை என்ன ஆயின?

தெலுங்கு 'அர்ஜுன் ரெட்டி'யின் தமிழ் வடிவம் நல்ல உதாரணம். பாலா இயக்கத்தில் துருவ் விக்ரம் நடித்து 'வர்மா' முடிந்தே போனது. 2019 பிப்ரவரியில், இது மூலத்தைப் போல் இல்லை என்று தயாரிப்பு நிறுவனம் மொத்தப் படத்தையும் ஒதுக்கிவைத்தது. வேறு இயக்குநரை வைத்து அதே நாயகனோடு மறுபடி எடுத்து, அந்த ஆண்டே 'ஆதித்ய வர்மா' வெளியானது. ஒதுக்கிய படமும் 2020ல் ஓடிடியில் வந்தது. பாலாவைக் கூப்பிட்டுவிட்டு நகல் எதிர்பார்த்ததுதான் இதில் விந்தை. ஆனால் பணம் போட்டவர் பக்கமிருந்து பார்த்தால், அவர் வாங்கியது நிரூபணமான ஒரு சரக்கு. மாற்றினால் நிரூபணம் போய்விடுமே என்ற பயம்.

இந்திப் படமான 'பிங்க்' வேறு மாதிரி. அதில் மூன்று பெண்களுக்காக வாதாடும் முதிய வழக்கறிஞரான அமிதாப் பச்சனுக்குச் சண்டை இல்லை. தமிழில் அஜித்துக்காக 'நேர்கொண்ட பார்வை'யில் ஒரு முன்கதையும் சண்டையும் சேர்ந்தன. அந்தப் பெண்களின் வழக்கு கொஞ்ச நேரம் பின்னால் போய் நின்றது. இருந்தும், அவ்வளவு பெரிய நட்சத்திரத்தின் ரசிகர்கள் முதல் நாள் முதல் காட்சியில் பெண்ணின் சம்மதத்தைப் பற்றிய நீதிமன்ற வாதத்தைப் பொறுமையாகக் கேட்டார்கள். அந்தச் சண்டை நுழைவுச் சீட்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

'த்ரிஷ்யம்' எத்தனை முறைதான் எடுக்கப்பட்டது?

குடும்பத்தைக் காக்க ஒரு கொலையை மறைக்கும் தந்தையின் கதை இது. 2013ல் ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்த படம் அடுத்த ஆண்டே கன்னடத்திலும் தெலுங்கிலும், 2015ல் தமிழிலும் இந்தியிலும், 2017ல் சிங்களத்தில் 'தர்மயுத்தய' என்றும், 2019ல் சீனத்திலும் வந்தது. சீன வடிவம் 100 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. கதை தாய்லாந்தில் நடப்பதாக மாற்றினார்கள். முடிவில் நாயகன் சட்டத்திடம் தன்னை ஒப்படைத்துவிடுகிறான். குற்றவாளி தப்பித்துப் போக அங்கே விடமாட்டார்கள் போலும்.

தமிழில் ஜீத்துவே 'பாபநாசம்' இயக்க, ஜெயமோகன் வசனம் எழுதினார். நாயகன் ஜார்ஜ்குட்டி சுயம்புலிங்கம் ஆகி நெல்லைத் தமிழ் பேசியதும் அந்தக் குடும்பத்தின் பயம் தாமிரபரணிக்கரைக்காரர்களின் பயமாகிவிட்டது. வரி வரியாக மூலத்தைப் பின்பற்றினாலும் ஒரு படம் எப்படி ஊர் மாறலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கன்னடத்தில் ஏன் அவ்வளவு ரீமேக் வந்தன?

அங்கே பல பத்தாண்டுகளாக டப்பிங் படங்களுக்கு எழுதப்படாத தடை இருந்தது. உள்ளூர்த் தொழிலாளர்கள், நடிகர்களின் பிழைப்பைக் காக்க என்று அறுபதுகளில் தொடங்கிய ஏற்பாடு. விளைவு, வேற்று மொழியில் ஓடிய படம் கன்னடம் பேச வேண்டுமென்றால் ரீமேக் ஒன்றே வழி. 2015ல் இந்தியப் போட்டி ஆணையம் இந்தத் தடை போட்டிக்கு எதிரானது என்று உத்தரவிட்டது. 2017ல் அஜித்தின் 'என்னை அறிந்தால்' கன்னடம் பேசி 'சத்யதேவ் ஐ.பி.எஸ்.' ஆக வந்தது. பழைய தடை போன வேகத்தில் புதிய காலம் வந்தது: அடுத்த சில ஆண்டுகளில் 'கே.ஜி.எஃப்', 'காந்தாரா' என்று கன்னடப் படங்களே டப் ஆகி நாடெங்கும் ஓடின.

அண்மையில் இந்தியில் எடுத்த ரீமேக்குகள் ஏன் வரிசையாகப் படுத்தன?

'ஜிகர்தண்டா'வின் இந்தி வடிவமான 'பச்சன் பாண்டே' (2022), 'விக்ரம் வேதா' (2022), 'கைதி'யிலிருந்து 'போலா' (2023), 'அல வைகுந்தபுரமுலோ'விலிருந்து 'ஷெஹ்ஸாதா' (2023), 'சூரரைப் போற்று'விலிருந்து 'சர்ஃபிரா' (2024), 'தெறி'யிலிருந்து 'பேபி ஜான்' (2024). எதுவும் போட்ட பணத்துக்கு ஈடான வசூலைத் தரவில்லை. இவற்றில் 'விக்ரம் வேதா'வையும் 'சர்ஃபிரா'வையும் எடுத்தவர்கள் மூலத்தின் இயக்குநர்களே. ஆகவே கைத்திறன் குறைவு என்று தள்ளிவிட முடியாது.

ரீமேக் என்ற வியாபாரம் நின்றதே இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருந்த சுவரில். சென்னைக்காரர் பார்த்ததைக் கான்பூர்க்காரர் பார்க்க முடியாது என்பதுதான் அதன் மூலதனம். தென்னிந்தியப் படங்களின் இந்தி டப்பிங் முதலில் தொலைக்காட்சியில் ஓடியது, பிறகு யூடியூபில் குவிந்தது. ஊரடங்குக் காலத்தில் ஓடிடியும் துணைத்தலைப்பும் வீடு வீடாக நுழைந்தன. மூலத்தின் வெற்றி இன்னும் சான்றாகவே இருக்கிறது, ஆனால் சான்றை எல்லோரும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

2022 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். 'புஷ்பா' வடக்கே ஓடிய சூட்டில், 'அல வைகுந்தபுரமுலோ'வின் இந்தி டப்பிங்கைத் திரையரங்குகளில் விட கோல்டுமைன்ஸ் நிறுவனம் தயாரானது. 'ஷெஹ்ஸாதா' தரப்பு பதறிப்போய்த் தடுத்தது. அரங்கில் விடவில்லை, ஆனால் அடுத்த மாதமே தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஓராண்டு கழித்து வந்த ரீமேக்கைப் பார்க்க யார் மிச்சம்?

நமக்கு இது புதிதும் இல்லை. பாலசந்தர் தெலுங்கில் எடுத்த 'மரோசரித்ரா' சென்னையில் தெலுங்கிலேயே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. 'பிரேமம்' 2015ல் வந்து சென்னையில் மலையாளத்திலேயே 200 நாட்களைத் தாண்டியது. தெலுங்கில் ரீமேக் வந்தது, தமிழில் வரவில்லை. 2024ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' டப்பிங்கூட இல்லாமல் தமிழ்நாட்டில் 50 கோடி ரூபாயைக் கடந்ததாக வர்த்தக வட்டாரம் சொன்னது. கொடைக்கானல் குணா குகையில் நடக்கும் கதை, பாதி வசனம் தமிழ். யாரிடம் ரீமேக் விற்பது?

பிறகு 'த்ரிஷ்யம் 2' இந்தியில் மட்டும் எப்படி ஓடியது?

சுவர் அங்கே இடியவில்லை. மலையாள மூலம் 2021 பிப்ரவரியில் நேராக ஓடிடிக்கு வந்தாலும் இந்தியில் டப் ஆகவில்லை. அத்துடன் இந்தி ரசிகர்களுக்கு அது அஜய் தேவ்கன் குடும்பத்தின் இரண்டாம் பாகம், யாருடைய ரீமேக்கும் இல்லை. 2022 நவம்பரில் வெளியாகி உள்நாட்டில் மட்டும் 200 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. குஜராத்தி 'வஷ்' இந்தியில் 'ஷைத்தான்' (2024) ஆகி வென்றதும் இதே கணக்கு: மூலத்தைக் குஜராத்துக்கு வெளியே பார்த்தவர்கள் மிகச் சிலர். சுவர் உள்ள இடத்தைத் தேடிப் போகிறார்கள்.

ஹாலிவுட்டிலும் இப்படித்தானா?

நோக்கம் ஒன்று, வழி வேறு. துணைத்தலைப்பு படிக்க அமெரிக்கர்கள் விரும்பமாட்டார்கள் என்று அவர்களும் வெளிமொழிக் கதைகளை வாங்குகிறார்கள். ஹாங்காங் படத்திலிருந்து வந்த 'தி டிபார்ட்டட்', பிரெஞ்சுப் படத்திலிருந்து வந்த 'கோடா' இரண்டும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியவை. ஆனால் அங்கே பெரிய பணம் தன் பழைய பெட்டியைத் தானே திறப்பதில் இருக்கிறது. டிஸ்னி தன் 1994 கார்ட்டூனான 'தி லயன் கிங்' படத்தை 2019ல் கணினி வரைகலையில் மறுபடி எடுத்து 160 கோடி டாலருக்கு மேல் பார்த்தது. அறிமுகமான பெயருக்கு விளம்பரம் செய்வது சுலபம், பொம்மையும் தீம் பார்க்கும் பின்னாலேயே விற்கும். நம்மூரில் அந்தப் பக்கவருமானம் கிடையாது. அதனால் 'தி லயன் கிங்' கணக்கை இங்கே பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

ரீமேக் இயக்குநர்களுக்குச் சொந்தக் கதை எழுத வராதா?

மோகன் ராஜாவைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 'ஜெயம்', 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி', 'உனக்கும் எனக்கும்', 'சந்தோஷ் சுப்பிரமணியம்', 'தில்லாலங்கடி' என்று ஐந்தும் தெலுங்கு மூலங்கள். ரீமேக் ராஜா என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. 2015ல் அவர் சொந்தமாக எழுதிய 'தனி ஒருவன்' வந்தது. மறு ஆண்டே தெலுங்குக்காரர்கள் அதை வாங்கி ராம் சரணை வைத்து 'துருவா' எடுத்தார்கள். பத்தாண்டு வாங்கிய இடத்துக்கே விற்றார். இத்தனை திரைக்கதைகளை நரம்பு நரம்பாகப் பிரித்துப் பார்த்தவருக்குச் சொந்தமாக ஒன்றை எழுதக் கை வந்திருக்கும் என்பதே என் ஊகம். பிறகு அவரே தெலுங்குக்குப் போய், ஏற்கெனவே அங்கே டப் ஆகியிருந்த 'லூசிஃபர்' படத்தைச் சிரஞ்சீவிக்காக 'காட்ஃபாதர்' (2022) ஆக்கியது தனிக்கதை.

ரீமேக் குறைந்தால் புதிய கதைகள் பெருகுமா?

அப்படி நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அதே பயம் இப்போது வேறு சட்டையில் வருகிறது. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், ஒரு படத்து ஆள் இன்னொரு படத்தில் தலைகாட்டும் 'யுனிவர்ஸ்', பழைய படத்தின் மறுவெளியீடு, பழைய பாட்டைப் புதிய சண்டையில் ஓடவிடுவது. ஐந்து மொழியில் ஒரே நாளில் வரும் பான் இந்தியா படம் ரீமேக்கை ஒழித்தது உண்மை. கூடவே ஐந்து மொழிக்கும் பொதுவான ரத்தம், கோடாரி, மெதுநடை என்று கதையையும் ஒரே அச்சில் வார்க்கிறது. 'பாபநாச'த்தின் நெல்லைத் தமிழுக்கு அதில் இடமில்லை. இந்த ஒரு விஷயத்தில் பழைய ரீமேக்கே தேவலை என்பேன்.

மாற்றம் வர வேண்டுமானால் எழுதும் காலத்துக்குச் சம்பளம் வர வேண்டும். நட்சத்திரச் சம்பளத்தில் நூறில் ஒரு பங்கை எழுத்துக்கு ஒதுக்கினால் பல நல்ல திரைக்கதைகளை ஆண்டு முழுக்க எழுத வைக்கலாம்.

ரீமேக் உரிமை யாருடையது, தயாரிப்பாளருடையதா எழுதியவருடையதா?

தயாரிப்பாளருடையது என்றுதான் தொழிலில் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 'ஆரண்ய காண்டம்' வழக்கு இதில் முக்கியம். அதன் எழுத்தாளரும் இயக்குநருமான தியாகராஜன் குமாரராஜாவுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் நடந்த அந்த வழக்கில், 2017ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இப்படிப் பிரித்தது: படத்தை வேற்று மொழியில் டப் செய்யத் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு, மறுபடி எடுக்க வேண்டுமானால் திரைக்கதையை எழுதியவரின் சம்மதம் வேண்டும்.

2021ல் 'அந்நியன்' இந்தியில் எடுக்கப்படும் என்று ஷங்கர் அறிவித்ததும், சுஜாதாவிடமிருந்து கதையுரிமை வாங்கியவன் நான் என்று தயாரிப்பாளர் ஆஸ்கார் ரவிச்சந்திரன் கடிதம் அனுப்பினார். கதை, திரைக்கதை என் பெயரில்தான் வந்தது என்றார் ஷங்கர். அந்த ரீமேக் இதுவரை வரவில்லை.

என்னிடம் ஒரு கதை இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். அது கதையை உங்கள் சொத்தாக்கிவிடாது; இன்ன தேதியில் இந்தக் கதை உங்களிடம் இருந்தது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். அந்தச் சாட்சிக்கு மதிப்பு உண்டு. 2018ல் 'சர்கார்' வெளியாகும் நேரத்தில், 2007ல் 'செங்கோல்' என்ற பெயரில் பதிவான கதையோடு ஒற்றுமை இருப்பதாக அப்போது சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் சொன்னார். விவகாரம் நீதிமன்றம் போய், சமரசமாகி, பதிவு செய்தவரின் பெயருக்கு அங்கீகாரம் கிடைத்தது.

அடுத்தது ஒப்பந்தம். அட்வான்ஸ் செக்கைப் பார்த்ததும் கையெழுத்துப் போடாதீர்கள். ரீமேக், இரண்டாம் பாகம், வெப் சீரிஸ் உரிமைகள் யாருக்கு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரை, அது காலாவதியாகும். "உலகம் முழுவதும், நிரந்தரமாக, எல்லா மொழிகளிலும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் இந்த மூன்று பாதுகாப்பில் முதல் இரண்டும் போய்விடும். பெரும்பாலும் அந்த வரி மூன்றாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும்.